மனநல ஹோம் ரிவ்யூ: தோட்டத்தை அப்புறம் பாருங்க, முதல்ல மாத்திரை அலமாரியைத் திறக்கச் சொல்லுங்க

ரேட்டிங்கை முதல்லயே சொல்லிடறேன், 5க்கு மூணரை. ஹோம் பேரு போடல, ஏன்னா சித்தப்பா இன்னும் அங்கதான் இருக்காரு, கீழ நல்லதும் எழுதியிருக்கேன், திட்டியும் எழுதியிருக்கேன், அதை யாரும் அவருகிட்ட காட்டிடக் கூடாது. செங்கல்பட்டு தாண்டி உள்ள போற ரோட்டுல, மனநல நோயாளிகளை வருஷக்கணக்கா வச்சுப் பாத்துக்கிற ஒரு தனியார் ஹோம், அது போதும். மாசம் 22,000, மாத்திரையும் பிளட் டெஸ்ட்டும் தனி பில்லு.

சித்தப்பாவுக்கு சிசோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு நோய். காலேஜ் படிக்கும்போது ஆரம்பிச்சது, இப்ப 58 வயசு. பாட்டி இருந்தவரைக்கும் மாத்திரை எல்லாம் அவங்க பொறுப்பு, மோர் சாதத்துக்கு அப்புறம் கையில வச்சுக் குடுத்து முழுங்கினப்புறம்தான் எழுந்து போவாங்க. பாட்டி போனப்புறம் அப்பா பாத்துக்கிட்டாரு, அப்பாவுக்கே இப்ப ஹார்ட் பிரச்சனை, நான் சென்னையில ஷிஃப்ட் வேலை, வேற வழியில்லாமத்தான் ஹோம் தேட ஆரம்பிச்சோம்.

தேடினவங்களுக்குத் தெரியும், போற எடத்துல எல்லாம் தோட்டத்தைக் காட்டுவாங்க, டிவி ஹால், கேரம் போர்டு, ஆர்ஓ தண்ணி எல்லாம் காட்டுவாங்க. மாத்திரையை எங்க வைக்கிறீங்க, யாரு குடுக்குறா, குடுத்ததை யாரு எழுதுறான்னு கேட்டா பாதிப்பேரு முழிக்கிறாங்க. ஒரு எடத்துல ஃபிரிட்ஜ் மேல பிஸ்கட் டப்பா மாதிரி ஒண்ணு, அதுல எல்லாரோட ஸ்ட்ரிப்பும் ரப்பர் பேண்டு போட்டுக் கிடக்குது, சமையல் பண்றவங்களே ராத்திரி எடுத்துக் குடுக்குறாங்களாம். அங்கேருந்து டீ கூட குடிக்காம கிளம்பிட்டோம். அதனால இந்த ரிவ்யூ முழுக்க மருந்து விஷயம் மட்டும்தான். சாப்பாடு சுமார், ரூம் காத்தோட்டமா இருக்கு, அதுக்கு மேல அதைப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல.

இப்ப இருக்கிற ஹோம்ல மருந்துக்குன்னு தனி ரூம், பூட்டின அலமாரி, சாவி டியூட்டி சிஸ்டர் இடுப்புல. ஒவ்வொருத்தருக்கும் ஒரு டிரே, டிரே மேல போட்டோ, பேரு, எந்த மருந்து ஒத்துக்காதுன்னு சிவப்புல எழுதியிருக்கு. போட்டோ எதுக்குன்னு கேட்டேன், ஒரே வார்டுல ரெண்டு முருகேசன் இருந்தா என்ன பண்ணுவீங்க தம்பின்னு சிஸ்டர் திருப்பிக் கேட்டாங்க, நியாயமான கேள்வி. காலையிலயே எல்லா மாத்திரையையும் உரிச்சு குட்டிக் கப்புல போட்டு வரிசையா வைக்கிற பழக்கம் இங்க இல்ல, ஆளை முன்னாடி நிக்க வச்சு, பேரை அவரையே சொல்ல வச்சு, ஸ்ட்ரிப்புல இருந்து பிரிச்சு, முழுங்கினப்புறம்தான் சார்ட்டுல கையெழுத்து. இந்த வரிசை ரொம்ப முக்கியம், நிறைய எடத்துல சாயங்காலம் உக்காந்து மொத்தமா டிக் போட்டுத் தள்ளுவாங்க, சார்ட்டு பாக்க அழகா இருக்கும், உள்ள போன மாத்திரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. கன்னத்துல ஒதுக்கி வச்சுட்டு பாத்ரூம்ல துப்புறவங்க உண்டு, நம்ம சித்தப்பாவே அதுல கைதேர்ந்தவரு, அதனால வாயைத் திறக்கச் சொல்லிப் பாக்குறாங்க, ஆனா மிரட்டிப் பாக்கல, "தண்ணி இன்னும் கொஞ்சம் குடிங்க சார்"னு சொல்லிக்கிட்டே பாக்குறாங்க. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.

இன்னொண்ணு, குளோசபினும் குளோனசிபாமும் தனித்தனி தட்டுல, நடுவுல ஒரு தட்டு காலியா விட்டு வச்சிருக்காங்க. பேரு கிட்டத்தட்ட ஒண்ணு மாதிரியே இருக்கும், வேலை முழுசா வேற. குளோசபின் மத்த மருந்து எதுக்கும் மசியாத சிசோஃப்ரீனியாவுக்குக் குடுக்கிறது, குளோனசிபாம் பதட்டத்துக்கும் வலிப்புக்கும். டாக்டர் கையெழுத்து நம்மூர்ல எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல, இங்க மருந்து பேரைப் பெரிய எழுத்துல எழுதணும்னு ரூல் வச்சிருக்காங்க. கம்பெனி மாறி மாத்திரை கலர் மாறினா முதல்ல சித்தப்பாகிட்ட ஸ்ட்ரிப்பைக் காட்டிச் சொல்லிட்டுத்தான் குடுக்குறாங்க, இல்லன்னா விஷம் வைக்கிறாங்கன்னு அவரு தட்டி விட்டுடுவாரு. வீட்ல இதுக்காகவே எத்தனை சண்டை நடந்திருக்கு.

சேத்த அன்னைக்கு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை பீடி?" எனக்கு ஒண்ணும் புரியல, ஏதோ ஒழுக்கம் பத்திக் கேக்குறாருன்னு அப்பா வேற கோவிச்சுக்கிட்டாரு. விஷயம் அது இல்ல. பீடி, சிகரெட் புகையில இருக்கிற தார் சமாச்சாரம் கல்லீரல்ல ஒரு என்சைமை முடுக்கி விடுமாம், அந்த என்சைம்தான் குளோசபினைக் கரைக்கிறது, அதனால நிறைய புகைக்கிறவங்களுக்கு மருந்து சீக்கிரம் காலியாகி டோஸ் கூட வேண்டியிருக்கும். ஹோமுக்குள்ள புகை கிடையாது. திடீர்னு பீடியை நிறுத்தினா அதே டோஸ்ல ரத்தத்துல மருந்து அளவு ஒன்றரை மடங்கு, சிலருக்கு அதுக்கு மேலயும் ஏறிடலாம், ஆளு சதா தூங்குவாரு, எச்சில் வடியும், மோசமா ஏறினா வலிப்பு வரும். இது நிக்கோட்டினால வர்றது இல்ல, புகையால வர்றது, அதனால நிக்கோட்டின் சூயிங்கம் குடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. டாக்டர் முதல் வாரத்துலயே டோஸைக் கொஞ்சம் இறக்கி, தினமும் தூக்கம், எச்சில், நடை மூணையும் எழுதச் சொன்னாரு. எவ்வளவுல இருந்து எவ்வளவுன்னு இங்க போட மாட்டேன், அதைப் பாத்து யாராவது வீட்ல கை வச்சா வம்பு. இந்த ஒரு கேள்விக்கே நான் ஒரு ஸ்டார் குடுத்துட்டேன், ஏன்னா இதுக்கு முன்னாடி வேற ஒரு எடத்துல ரெண்டு மாசம் இருந்தப்ப இதை யாரும் கேக்கல, சித்தப்பா தலகாணி நனைய நனையத் தூங்கிக்கிட்டே இருந்தாரு, பாக்க வந்த அத்தை "நல்லா அமைதியா இருக்கான்பா"ன்னு சந்தோஷப்பட்டுட்டுப் போனாங்க.

குளோசபின்னா பிளட் டெஸ்ட் கட்டாயம். 1975ல ஃபின்லாந்துல இந்த மருந்து எடுத்தவங்கள்ல சிலருக்கு வெள்ளை அணு சுத்தமா இறங்கி 8 பேரு செத்துப் போனாங்க, அப்புறம் பல நாட்டுல அதை ஓரங்கட்டிட்டாங்க, ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கிட்டே குடுக்கணும்ங்கிற கண்டிஷனோடதான் 1989ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. பிரிட்டன்ல ரொம்ப வருஷமா வச்சிருந்த கணக்கு, முதல் 18 வாரம் வாராவாரம், அப்புறம் வருஷம் முடியிற வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை, அதுக்கப்புறம் மாசாமாசம். சித்தப்பா பழைய கேஸ்ங்கிறதால மாசம் ஒண்ணு. ரிப்போர்ட் வந்தாத்தான் அடுத்த மாச ஸ்டாக்கை அலமாரியில வைக்கிறாங்க, அதுவும் நல்ல விஷயம். ஜுரம், தொண்டை வலின்னா உடனே அணு எண்ணிக்கை பாக்கணும்ங்கிறதை அட்டெண்டர் பையன்கூட சொல்றான். 100ல ஒருத்தருக்கும் குறைவாத்தான் அந்த ரத்தப் பிரச்சனை வருமாம், ஆனா வந்தா நேரம் குடுக்காது.

இப்ப சிரிக்காம படிங்க, இந்த ஹோம்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது மோஷன் நோட்டு. யாரு காலையில போனாங்க, யாரு போகலன்னு ஒரு நாற்பது பக்க நோட்டு. குளோசபின் குடலோட ஓட்டத்தைப் படுத்திடும், மலச்சிக்கல்னு நம்ம அலட்சியமா விடறது குடல் அடைப்பு வரைக்கும் போயி உயிரே போகும், அமெரிக்க மருந்து நிர்வாகமே 2020 ஜனவரியில இதுக்குன்னு எச்சரிக்கையைக் கடுமையாக்கினாங்க. ரத்த டெஸ்ட்டுக்கு எல்லாரும் பயப்படுறாங்க, இதுக்கு யாரும் பயப்படுறதில்ல. இந்த நோயாளிங்க வயித்து வலின்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, சொன்னாலும் "அவரு ஏதோ உளர்றாரு"ன்னு விட்டுடுவோம். ரெண்டு நாள் போகலன்னா இங்க சிஸ்டர் டாக்டருக்கு போன் போடணும், அது ரூல்.

அதோட ஒட்டின இன்னொரு விஷயம், பேசிடேன்னு ஒரு மாத்திரை. கை நடுக்கத்துக்குக் குடுக்கிறது, மருந்து பேரு டிரைஹெக்ஸிபெனிடில், நம்மூர்ல மனநல பிரிஸ்கிரிப்ஷன்ல முக்கால்வாசியில இருக்கும்னு நினைக்கிறேன். ஹாலோபெரிடால் மாதிரி பழைய மருந்து சாப்பிடுறப்ப உடம்பு இறுகும், கை நடுங்கும், கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், அதுக்கு இது வேணும். சித்தப்பா ஹாலோபெரிடாலை விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு, குளோசபின்ல அந்த இறுக்கம் பெரும்பாலும் வராது, ஆனாலும் பேசிடேன் மட்டும் சீட்டுக்குச் சீட்டு காப்பி ஆகிக்கிட்டே வந்திருக்கு. வாய் வறண்டு போறது, மறதி, மலச்சிக்கல் எல்லாத்தையும் அது கூட்டும், அதாவது குளோசபின் பண்ற அதே குடல் வேலையை இதுவும் சேந்து பண்ணும். டாக்டர் அதை டக்குனு நிறுத்தாம மெதுவா மாசக்கணக்குல இறக்கி நிறுத்தினாரு. ஏழு மாத்திரையோட போனவரு இப்ப நாலுல இருக்காரு. தினத்தந்தியை முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் படிச்சுட்டு தங்கம் விலை ஏறினதைப் பத்தி என்கிட்ட போன்ல லெக்சர் எடுக்குறாரு, முன்னாடியெல்லாம் என் பேரே நாலு தடவை யோசிச்சுத்தான் வரும்.

வெயில் காலம் பத்தி ஒண்ணு. பக்கத்து பெட் அண்ணனுக்கு லித்தியம், மனநிலை ஒரேயடியா ஏறி இறங்குறதுக்குக் குடுக்கிற மருந்து. அது ரத்தத்துல 0.6க்கும் 1.0க்கும் நடுவுல இருக்கணும், 1.5 தாண்டினா விஷம், இடைவெளி அவ்வளவு குறுகல். வேர்த்துக் கொட்டி தண்ணி கம்மியானாலோ, வாந்தி பேதி ஆனாலோ அளவு தானா ஏறிடும், மூட்டு வலிக்குன்னு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போட்டாலும் ஏறும். செங்கல்பட்டு மே மாசத்துல மூடின ஷெட்டுல ஒரு ஆளு, அவங்க வீட்லருந்து வர்றவங்க முறுக்கோட சேத்து முட்டி வலி மாத்திரையும் கையில குடுத்துட்டுப் போறாங்க, என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. இங்க கேட்ல பையைப் பாக்குறாங்க, எந்த மாத்திரையா இருந்தாலும், சித்தா சூரணமா இருந்தாலும், சிஸ்டர் கைக்குத்தான் போகணும். சில சொந்தக்காரங்க இதுக்குச் சண்டை போடுறாங்க, நாங்க என்ன திருடனான்னு. ஹாலுக்கு ஹால் பானையும் வச்சிருக்காங்க, கைநடுக்கம் பெருசானாலோ நடை தள்ளாடினாலோ லித்தியத்தை நிறுத்தி வச்சுட்டு உடனே டாக்டருக்கு சொல்லணும்னு தமிழ்ல எழுதி ஒட்டியிருக்காங்க.

இவ்வளவு நல்லது சொல்லிட்டு ஏன் ஒன்றரை ஸ்டார் வெட்டினேன்னா, ராத்திரி.

பகல்ல இருக்கிற ஹோம் வேற, ராத்திரி எட்டு மணிக்கு மேல இருக்கிற ஹோம் வேற. ஒரே ஒரு சிஸ்டர், ரெண்டு அட்டெண்டர், மூணு பிளாக். சித்தப்பா சார்ட்டுல "தேவைப்பட்டால்"னு ஒரு ஊசி எழுதியிருந்துச்சு, ஹாலோபெரிடாலும், தூக்கம் வர வைக்கிற ஃபினர்கானும் சேத்து. எதுக்குத் தேவைப்பட்டால், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை, போட்டப்புறம் என்ன பாக்கணும், ஒண்ணும் எழுதல. அந்தக் காம்பினேஷன் மட்டமானது இல்ல, நம்ம வேலூர் சிஎம்சியிலயே அவசர சிகிச்சைக்கு வந்த 200 பேரை வச்சு லோரசிபாம்னு ஆளை அமைதிப்படுத்துற இன்னொரு ஊசியோட ஒப்பிட்டுப் பாத்து 2004ல வெளியிட்டிருக்காங்க, ரெண்டுமே வேலை செய்யுது, இது இன்னும் சீக்கிரமா அடக்குதுன்னு. ஆனா அது ஆஸ்பத்திரி, சுத்தி டாக்டருங்க நிக்கிற எடம், நெஜமாவே கை ஓங்குற ஆளுங்க. இங்க ராத்திரி தூக்கம் வராம வராண்டாவுல நடந்த ஆளுக்குப் போட்டிருக்காங்க. சார்ட்டுல காரணம்னு இருந்தது "ஓவர் டாக்கிங்". ஏம்மா, நாள் பூரா பேசாத ஆளு ராத்திரி பேசினா அதுக்கு ஊசியா? மூச்சு, பிபி, ஜுரம் எதுவும் அதுக்கப்புறம் எழுதல. இந்த மருந்துங்களால அபூர்வமா உடம்பு கட்டை மாதிரி விறைச்சு, கடும் ஜுரம் வந்து, சீரியஸ் ஆகிற நிலை ஒண்ணு உண்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலன்னா தப்பிக்கிறது கஷ்டம். ராத்திரி டெம்பரேச்சர் பாக்காத எடத்துல அதை யாரு கண்டுபிடிப்பா?

2017 மனநலச் சட்டம் 97ஆவது பிரிவுல, தனியா அடைக்கவே கூடாது, கட்டி வைக்கிறது உடனடி ஆபத்தைத் தடுக்க வேற வழியே இல்லன்னாதான் செய்யலாம், அதையும் தண்டனையா பண்ணக்கூடாது, ஆள் பத்தாக்குறைங்கிற காரணத்துக்காகப் பண்ணக்கூடாதுன்னே போட்டிருக்கு. சங்கிலி எந்த உருவத்துலயும் கூடாதுன்னு 95ஆவது பிரிவு. 2001 ஆகஸ்ட் 6ல ஏர்வாடியில மனநோயாளிங்களை வச்சிருந்த ஹோம்ல தீப்பிடிச்சப்ப சங்கிலியில கிடந்த 28 பேரு வெந்து செத்ததை மறந்திருக்க மாட்டீங்க. இப்ப எந்த ஹோம்லயும் சங்கிலியைக் காட்ட மாட்டாங்க. ஆள் பத்தாத ராத்திரியில ஊசி போட்டுப் படுக்க வைக்கிறதை மட்டும் "டிரீட்மெண்ட்"னு எழுதிடலாம், பாக்க வர்ற எவனுக்கும் தெரியாது. கேட்டதுக்கு மேனேஜர் சொன்னாரு, "சார், மத்த பேஷண்ட்ஸும் தூங்கணும்ல." அது உண்மைதான், இல்லைங்கல, அதுக்குத்தான் இன்னொரு ஆளைப் போடணும்.

வயசானவங்க பிளாக் பத்தி தனியா எழுதணும். அதே காம்பவுண்டுல மறதி நோய் வந்த தாத்தா பாட்டிங்களை வச்சிருக்காங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எல்லாரும் ஒரே மாதிரி தலையைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்காங்க. மறதி நோய்க்காரங்களுக்கு ஹாலோபெரிடால், குளோசபின் மாதிரி மனநோய் மருந்து குடுத்தா சாவு கூடுதுன்னு அமெரிக்காவுல 2005ல புது மருந்துங்களுக்கும் 2008ல பழைய மருந்துங்களுக்கும் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை வந்தாச்சு. பிரிட்டன்ல 2009ல அரசாங்கத்துக்குக் குடுத்த அறிக்கையில, அங்க மறதி நோய் இருக்கிறவங்கள்ல ஏறக்குறைய 1,80,000 பேருக்கு இந்த மருந்து போகுது, அதனால வருஷத்துக்கு 1,800 சாவு கூடுதலா வருதுன்னு கணக்கு போட்டாங்க. வேணவே வேணாம்னு யாரும் சொல்லல, ரொம்ப முரண்டு பிடிச்சு ஆபத்தா போறப்ப கொஞ்ச நாளைக்கு, கொஞ்சமா, திரும்பத் திரும்ப நிறுத்த முடியுமான்னு பாத்துக் குடுக்கலாம். நடமாடிக்கிட்டே இருக்கிற பாட்டிக்கு மூத்திரத்துல இன்ஃபெக்ஷனா, காது கேக்கலையா, பசியா, ஏதாவது வலியான்னு முதல்ல பாக்கணும். அங்க ஒரு பாட்டியோட பொண்ணுகிட்ட பேசினேன், அம்மாவுக்கு ராத்திரி மாத்திரை எப்ப ஆரம்பிச்சதுன்னே அவங்களுக்குத் தெரியல. உங்க அம்மா அப்பாவை இதே மாதிரி எடத்துல சேக்கப் போறீங்கன்னா நான் இந்த பிளாக்கை ரெகமெண்ட் பண்ண மாட்டேன்.

மாத்திரையைப் பொடிச்சுச் சாப்பாட்டுல கலக்கிறதும் அங்கதான் பாத்தேன். வலிப்புக்கும் மனநிலை ஏத்த இறக்கத்துக்கும் குடுக்கிற வால்ப்ரோயேட், அதுலயும் மெதுவா கரையிற மாதிரி செஞ்ச மாத்திரையை அம்மியில வச்ச மாதிரி நசுக்கி ரசம் சாதத்துல. நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா இறங்க வேண்டியது ஒரே வாயில இறங்கும். முழுங்க முடியலன்னா சிரப் இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டாப் போதும்.

பொங்கலுக்கு சித்தப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். குடுத்து விட்ட மாத்திரை வெள்ளைப் பேப்பர் கவர்ல, கா, இ-ன்னு பேனாவுல எழுதி, மருந்து பேரும் இல்ல, அளவும் இல்ல, போதாக்குறைக்கு குளோசபின் ஒரு நாளைக்குக் கம்மி. பகல்ல இவ்வளவு கச்சிதமா இருக்கிற எடத்துல இருந்து இப்படி. போன் பண்ணினா ராத்திரி டியூட்டில இருந்தவங்க "வந்தப்புறம் பாத்துக்கலாம் சார்"ங்கிறாங்க. குளோசபின் ரெண்டு நாளுக்கு மேல, அதாவது 48 மணி நேரத்தைத் தாண்டி விட்டுப்போச்சுன்னா பழைய டோஸை அப்படியே போடக்கூடாது, 12.5 மில்லிகிராம்ல இருந்து மறுபடி படிப்படியா ஏத்தணும், இல்லன்னா பிபி இறங்கி மயக்கம் போட்டு விழுவாங்க, இதயத்துக்கும் ஆபத்து. நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்ல அந்த மருந்து கிடைக்காது. பழைய பிரிஸ்கிரிப்ஷனை போன்ல வச்சிருந்ததால டவுனுக்குப் போயி பெரிய கடையில வாங்கிட்டேன், கெடு தாண்டல. மத்த குடும்பங்க என்ன பண்ணும்?

எடையைப் பத்தி அவங்க பெருசா கண்டுக்கிறதில்ல. மாசம் ஒருதடவை வெயிட் போட்டு எழுதுறாங்க, எழுதினதை வச்சு ஒண்ணும் பண்றதில்ல. ஒலான்சபின்னு இன்னொரு மனநோய் மருந்து, அதுவும் குளோசபினும் பசியைக் கிளப்பும், சுகர், கொழுப்பு ஏத்தும். கடுமையான மனநோய் உள்ளவங்க மத்தவங்களைவிட 10ல இருந்து 20 வருஷம் முன்னாடியே போயிடுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல பெரும்பங்கு இதயமும் சுகரும் மாதிரியான உடம்பு நோயாலதான். மூணு வேளையும் அரிசி, நாலு மணிக்கு பஜ்ஜி, நடக்க விடறது காம்பவுண்டுக்குள்ள அரை மணி நேரம். அந்தத் தோட்டத்தைப் பாக்க மட்டும்தான் வச்சிருக்காங்க போல.

சார்ட்டு காட்ட முதல்ல மாட்டேன்னாங்க, அது ஆபீஸ் ரெக்கார்டாம். அதே சட்டத்துல பேஷண்ட்டுக்கு தன்னோட அடிப்படை மருத்துவ ரெக்கார்டைப் பாக்க உரிமை உண்டு, 25ஆவது பிரிவு. என்ன சிகிச்சை, என்ன பக்க விளைவுன்னு அவருக்கும் அவரு நியமிச்ச பிரதிநிதிக்கும் சொல்லணும்னு 22. சித்தப்பா என்னைப் பிரதிநிதியா எழுதிக் குடுத்திருக்காரு, வெள்ளைத் தாள்ல கையெழுத்து போட்டாலே போதும், 14ஆவது பிரிவு. அந்தத் தாளைக் காட்டினதும் சார்ட்டு வந்துடுச்சு, கூட காபியும் வந்துச்சு. சேக்கிறப்பவே இதை எழுதி வாங்கிக்கோங்க, ஹோமுக்கு மனநல ஆணையத்துல ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கான்னும் கேட்டுக்கோங்க, முடிஞ்சா ஒருநாள் ராத்திரி எட்டரைக்கு சொல்லாம போய்ப் பாருங்க.

இப்போதைக்கு மாத்தல. இந்த மூணரைக்குப் பக்கத்துல வர்ற எடம் இந்தப் பட்ஜெட்டுல எனக்குக் கிடைக்கல, சித்தப்பாவுக்கும் பக்கத்து பெட் அண்ணனை விட்டு வர மனசில்ல. ராத்திரி ஊசிக்கு காரணமும் அளவும் எழுதணும், போட்டா எனக்கு அன்னைக்கே போன் வரணும், லீவுக்கு ஸ்ட்ரிப்போட மாத்திரை குடுக்கணும்னு எழுத்துல குடுத்து ரசீது வாங்கியிருக்கேன். "தேவைப்பட்டால்" ஊசியை டாக்டர் அடிச்சு விட்டுட்டாரு. இன்னொரு நைட் சிஸ்டர் போடறேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு, போட்டா நாலு ஸ்டார் ஆக்கி இங்கயே அப்டேட் பண்றேன்.